லாப் சியோங் மண்சட்டிச் சோறு: காந்தல் பிடிக்கணும், கருகக் கூடாது

குளிர்காலம் வந்தால் தென் சீனாவின் குவாங்டோங், ஹாங்காங் பக்கம் இந்தச் சோற்றுக்குத் தனி மவுசு. பன்றி இறைச்சி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை, சோயா சாஸ், ரோஜா மணக்கும் மது எல்லாம் சேர்த்துக் குடலில் அடைத்துக் காயவைத்த சாசேஜ்தான் லாப் சியோங். எவ்வளவு காய்ந்திருந்தாலும் பச்சை இறைச்சிதான்; வேகவைக்காமல் வாயில் வைக்காதீர்கள்.

இருவருக்கு 200 கிராம் ஜாஸ்மின் அரிசி, 2 லாப் சியோங். அரிசியைக் கழுவி வடித்து, 250 மி.லி. தண்ணீர் ஊற்றிச் சட்டியிலேயே அரை மணி நேரம் ஊறவையுங்கள். சாசேஜை வெந்நீரில் அலசி, கயிற்றை வெட்டிவிடுங்கள். சட்டியின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் விரிசல் விடும். துடைத்துவிட்டு, சிறுதீயில் தொடங்கி மிதமான தீக்கு வாருங்கள்.

பலரும் சறுக்குவது இங்கேதான். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வற்றி, மேலே சின்னச் சின்னக் குழிகள் விழும். சாசேஜை அப்போது முழுசாக மேலே வைத்து மூடி, மிகச் சிறுதீயில் 12 நிமிடம் விடுங்கள். முன்னாலேயே போட்டால் தண்ணீரில் மூழ்கிச் சாரம் போய்விடும். பிந்திப் போட்டால் வேகாது. நறுக்கிப் போட்டால் கொழுப்பு உருகி ஓடி, துண்டு சக்கையாகும். சரியாக வெந்ததை வெட்டிப் பாருங்கள்: வெள்ளையாக இருந்த கொழுப்பு கண்ணாடி போலத் தெரியும்.

அடுத்து, ஓரத்தைச் சுற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் சட்டியை நான்கு பக்கமும் சாய்த்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் காட்டுங்கள். படபடவென்று உலர்ந்த சத்தம் கேட்டால் காந்தல் பிடிக்கிறது. கசந்த புகைவாடை வந்தால் உடனே அணையுங்கள். மூடியபடி 5 நிமிடம் விட்டு, சாசேஜைச் சாய்வாக நறுக்குங்கள்.

லைட் சோயா 1 மேசைக்கரண்டி, டார்க் சோயா 1 தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, வெந்நீர் 1 மேசைக்கரண்டி கலந்து, முதலில் பாதி மட்டும் ஊற்றுங்கள். சாசேஜிலேயே உப்பு தாராளம்.

கொழுப்பும் அப்படித்தான். ஆளுக்கு ஒன்று போதும், தினமும் வேண்டாம்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. பன்றி சாப்பிடாதவர்களுக்குச் சிங்கப்பூர், மலேசியாவில் கோழி லாப் சியோங் கிடைக்கும்.

பின்சேர்க்கை: இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண மண்சட்டி சூடேறாது. வார்ப்பிரும்புச் சட்டி எடுங்கள். இண்டக்‌ஷனுக்கு ஏற்ற நான்ஸ்டிக் சட்டியிலும் காந்தல் பிடிக்கும். ரைஸ் குக்கரில் சாசேஜ் நன்றாகவே வேகும், ஆனால் இந்த அடிச்சோறு வராது.