துவளும் கோழியை அறுக்காதீர்கள்

நாமக்கல் பக்கம் எங்கள் வீட்டில் பெருவிடை, சிறுவிடை என்று நாட்டுக்கோழி எல்லாம் சேர்த்து முப்பது உருப்படி. போன மாசியில் ஒரே காலையில் நாலு கோழி தலையைத் தொங்கப்போட்டு நின்றன. மாமியார் அரிவாள்மனையை எடுத்துவிட்டார். "சாகறதுக்குள்ள அறுத்தா கறியாச்சும் மிஞ்சும் கண்ணு."

பறவைக் காய்ச்சல் மனுசருக்கு வராமலிருக்க முதலில் விடவேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். குழம்பு கொதித்தால் கிருமி செத்துப்போகும். கறிக்கு உள்ளே வரை 70 டிகிரி சூடு ஏறினால் போதும். வினை அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது: இறகு பிடுங்கும்போது, குடலை உருவும்போது. எச்சமும் சளியும் பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் முடிந்தது. 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்து 6 பேர் இறந்தார்கள். அங்கே தொற்றைக் கொண்டுவந்தது உயிர்க்கோழிச் சந்தை.

"இது வெறும் வெள்ளைக்கழிச்சல்தான்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்; ராணிக்கெட் என்கிற கோழி நோய் அது. இருக்கலாம். கொண்டை நீலம்பாய்வது, முகம் வீங்குவது, மளமளவென்று சாவது இரண்டிலும் உண்டு. ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லும். அதனால் கால்நடை உதவி எண் 1962க்கு ஃபோன் அடியுங்கள், இல்லையென்றால் கால்நடை மருந்தகத்துக்கு ஆள் அனுப்புங்கள். அவர்கள் வரும்வரை கொட்டகையைச் சாத்திவையுங்கள். பிள்ளைகளையும் நாயையும் பூனையையும் அண்டவிடாதீர்கள். மிச்சக் கோழியை அவசரமாகச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். செத்ததை ஏரியில் வீசுகிறவர்களுக்கு என்ன சொல்ல!

தொட்டே ஆகவேண்டுமென்றால் முகக்கவசம் போட்டு, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தொடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கொட்டகையை உலர்ந்தபடி கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறும்.

அதன்பின் பத்து நாள் உடம்பைக் கவனியுங்கள். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, வெறுமனே கண் சிவந்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போய், உட்கார்ந்ததும் "வீட்டில் கோழி செத்தது" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஓசல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது; காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

எங்களுக்கு வந்த முடிவு வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசியைத் தள்ளிப்போட்டது நான்தான். அந்த நாலு கோழிக் கணக்கை மாமியார் இன்னும் விடவில்லை.