குடும்ப நினைவுகளைக் கலையாக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஓவியம், புகைப்படம், சிற்பம் எதில் இயங்குபவராக இருந்தாலும், ஒருநாள் வீட்டுப் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி கண்ணில் படும். அதைத் திறந்த கையோடு நடக்கும் பிசகுகள் இவை. பாதிக்கு மேல் நானே செய்தவை.

பெரிய பிசகு, படைப்பை மனசுக்குள் முடித்துவிட்டுப் பெரியவர்களிடம் பேசப் போவது. "அந்த வீட்ட விட்டு வந்தப்ப ரொம்ப அழுதீங்களா ஆச்சி?" என்று கேட்டேன். "ஆமாய்யா" என்றாள். பேட்டி அதோடு சரி. இரண்டு நாள் கழித்து அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "அடுப்படி எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றேன். முறத்தில் கீரைத்தண்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்ப ஆரம்பித்தாள். ஒரு தண்டைக் குறுக்கே வைத்து, "இது வாசப்படி. இதுலதான் எங்க மாமியா ஒக்காந்திருப்பாக. தாண்டி ஒருத்தி வெளிய போயிர முடியாது" என்றாள். பதிவைக் கேட்டு எழுதும்போது "உட்கார்ந்திருப்பார்கள்" என்று திருத்தவும் செய்தேன். அது அடுத்த பிசகு. அந்தப் பேச்சுதான் நம் கச்சாப்பொருள்.

வீட்டை வரையச் சொல்வது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனைப் பார்க்க வேண்டும். போரில் வீடிழந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து அவருக்கு வரைந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு கைப்படத்துக்கும் கட்டட வரைபடம் போல அளவாகக் கோடிழுத்த ஒரு படம், அதையடுத்து சனாதனனின் ஓவியம். 2011இல் நூலாக வந்த இந்தப் படைப்புக்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. தோம்பு என்பது இலங்கையில் டச்சுக்காரர்கள் காணி விவரம் எழுதிவைத்த பதிவேடு. நாமோ பழைய பத்திரத்தைக் கேன்வாஸில் ஒட்டி, மேலே தேநீர்ச் சாயம் பூசிவிட்டு நினைவு என்கிறோம். அவர் பழம்பொருளைத் தேடவில்லை. பதிவேட்டின் உருவத்தை எடுத்துக்கொண்டு, இல்லாமல்போன வீடுகளை அதில் பதிந்தார்.

புகைப்பட விஷயத்தில் சுருக்கமாக: பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். தாத்தா சாய்ந்திருக்கும் நாற்காலியும் பின்னால் தெரியும் மாளிகையும் பெரும்பாலும் ஸ்டுடியோக்காரருடையவை. திரையை வீடென்று நம்பி வரைந்துவிடாதீர்கள் (திரையைத் திரையாகவே வரைந்தால் அது வேறு, சுவையான படம்).

பேச்சும் காகிதமும் முரண்பட்டால் உடனே காகிதத்தை நம்புவது இன்னொரு பழக்கம். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் உண்டு. பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார், வயது சரியாக வரும்படி மே அல்லது ஜூனில். அதற்காகப் பேச்சையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பெரும்பஞ்சத்தின் தாது வருஷம் 1876இல் தொடங்கியது. 1936இலும் ஒரு தாது வந்தது. கொள்ளுத்தாத்தா தாதுவில் பிறந்தார் என்றால் எந்தத் தாது? அவர் பெயரே பேரனுக்கும் வைக்கப்பட்டிருந்தால் சிக்கல் இரட்டிப்பு. ஒன்றைத் தள்ளி ஒன்றை வைத்துக்கொள்ள நாம் நீதிபதி இல்லை. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், படம் அந்த இடைவெளியிலிருந்தே பிறக்கலாம்.

கடைசியாக, அனுமதி. இரண்டாம் தாரம், சாதி மாறிய கல்யாணம், கைவிட்ட பிள்ளை என்று எல்லாப் பெட்டியிலும் ஏதாவது இருக்கும். காட்சிக்கு வைக்குமுன், பாதிக்கப்படக்கூடியவர் உயிரோடிருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். முறத்து வீட்டை வரைந்து ஆச்சியிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாசப்படி இருக்கட்டும். மாமியாள எடுத்துரு" என்றாள். எடுத்துவிட்டேன். வாசப்படி இப்போது காலியாக இருக்கிறது.