மேலே பொன்னிறம், அடியில் குளம்: சீஸ் பேக்டு ரைஸில் நடக்கும் தவறுகள்

சோறும் காயும் ஒயிட் சாஸும் சேர்த்து, மேலே சீஸ் தூவி ஓவனில் வைப்பதுதான் காய்கறி பேக்டு ரைஸ். முதல் தடவை நான் அதைச் செய்தபோது மேல்பக்கம் பார்க்க அத்தனை அழகு. சீஸ் பொன்னிறமாகப் பூத்து, ஓரமெல்லாம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கரண்டியை விட்டு ஒரு பக்கம் எடுத்ததும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது. "ரசம் சாதம் மாதிரி இருக்கு" என்றார் மாமியார். அவர் அகராதியில் அது பாராட்டாகவும் இருக்கலாம், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓவனைத்தான் முதலில் திட்டினேன். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. வாணலியில் கிண்டும்போது ஆவி மேலே போய்க்கொண்டே இருக்கும். காயில் நீர் மிச்சமிருந்தாலும் கிண்டக் கிண்ட வற்றிவிடும். பேக்கிங்கில் அந்த வழி கிடையாது. உருகிய சீஸ் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும், கிண்டவும் முடியாது. உள்ளே போன நீர் பெரும்பாலும் உள்ளேயேதான் கிடக்கும். ஆகவே வற்ற வேண்டியதெல்லாம் அடுப்பிலேயே வற்றியாக வேண்டும். இதில் வரும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

காய்களை எல்லாம் ஒன்றாகப் போட்டு வதக்குவது பெரிய தப்பு. கேரட், பீன்ஸ், பட்டாணி அதிகம் நீர் விடாது, ஆனால் சாஸுக்குள் கிடந்து இருபது நிமிடத்தில் வேகவும் வேகாது. அவற்றை ஆவியில் சாப்பிடும் பதத்துக்கு வேகவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். குடைமிளகாய், காளான், முட்டைக்கோஸ், சுரைக்காய் வேறு ஜாதி. அகலமான வாணலி, பெரிய தீ, மூடி கூடாது. காளான் முதலில் குளம் கட்டும். பயந்து இறக்கிவிடாதீர்கள், அந்த நீர் சுண்டி, காளான் எண்ணெயில் லேசாகச் சிவக்கும்வரை விடுங்கள். சுரைக்காயோ சுக்கினியோ போடுவதானால் உப்பு பிசறிக் கால் மணி நேரம் வைத்து இறுக்கிப் பிழிந்துவிடலாம். தக்காளியைப் பச்சையாக அரிந்து அடுக்கும் படங்கள் அழகாக இருக்கும், நம்பாதீர்கள். தொக்காகச் சுருட்டிப் போட்டால்தான் சரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பட்டாணியை அப்படியே கொட்டினால் ஐஸையும் சேர்த்துக் கொட்டியதாகத்தான் கணக்கு.

அடுத்தது சோறு. குக்கரில் மூன்று விசில் விட்ட மதியச் சாதம் இதற்கு ஆகாது. ஏற்கெனவே முழுக்க வெந்த பருக்கை, சாஸின் ஈரத்தையும் குடித்துக் களியாகிவிடும். நிறைய தண்ணீரில் அரிசியைப் போட்டு, நடுவில் ஒரு துளி கடிபடும்போதே வடித்து, தட்டில் பரப்பி ஆவி போகவிட வேண்டும். பாஸ்மதிதான் வேண்டும் என்றில்லை, பொன்னி புழுங்கலும் நன்றாகவே வரும். புது அரிசியாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை, சீக்கிரம் குழையும். அரிசியைப் பச்சையாகவே போட்டு பேக் செய்யும் முறையும் உண்டு. அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கொதிநீர், இறுக்கமாக ஃபாயில் மூடி, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத சூடு எல்லாம் வேண்டும், சீஸ் கடைசியில்தான். இரண்டு முறைகளிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக் கலக்கினால் அடியில் நறுக்கரிசியும் மேலே கருகிய சீஸும் மிஞ்சும்.

நீருக்குப் பயந்து ஒயிட் சாஸைக் கெட்டியாக்கிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. அப்போது ஓவனிலிருந்து வருவது சோற்றுச் செங்கல். வேகவைத்த சோறு 3 கப் என்றால் வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், மைதா 2 டேபிள்ஸ்பூன், பால் ஒன்றரை கப் எனக்குச் சரியாக வருகிறது. மைதாவின் பச்சை வாசனை போகணும், நிறம் மாறக் கூடாது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, ஒரு கொதி வந்தாக வேண்டும். கொதிக்காத சாஸ் கெட்டியான மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். சூடாக இருக்கும்போது தோசை மாவுப் பதம். சாஸில் சீஸ் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு. கொதியில் போட்டால் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரியும்.

சீஸ் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கட்டிகளாகக் கிடைக்கும் ப்ராசஸ்டு சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்புகள் சேர்த்திருப்பதால் வழவழவென்று உருகும், ஆனால் நூல் இழுக்காது. நூலுக்கு மொஸரெல்லா. பனீர் உருகவே உருகாது. துருவி மேலே தூவினால் காய்ந்து ரப்பராகும். நான் ப்ராசஸ்டு சீஸை சாஸிலும் மொஸரெல்லாவை மேலேயும் போடுகிறேன். துருவிய பாக்கெட் சீஸ் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதில் மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், வீட்டில் துருவியது போல அது ஒன்றாக உருகாது. இன்னொன்று, சீஸிலேயே உப்பு தூக்கலாக இருக்கும். சோற்றுக்கும் காய்க்கும் வழக்கமான உப்பில் பாதி போதும்.

ஓவன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உள்ளே எல்லாம் வெந்தாயிற்று. ஓவனின் வேலை சூடேற்றி நிறம் கொடுப்பது மட்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத பாத்திரம், முன்பே சூடேற்றிய 180 டிகிரி, நடுத்தட்டு, மேல் கீழ் இரண்டு ராடும் எரிய இருபது நிமிடம். கடைசி மூன்று நிமிடம் மேல் ராடு மட்டும், அப்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மைக்ரோவேவ் என்றால் கன்வெக்ஷன் (சூடான காற்று சுழலும்) வசதி இருக்க வேண்டும். வெறும் மைக்ரோவேவில் சீஸ் உருகும், சிவக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூட்டில் வைத்தால் விரிசல் விடலாம்.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடாதீர்கள். பிள்ளைகள் தட்டோடு நின்றாலும்தான். அந்த நேரத்தில் சாஸ் இறுகும், வெட்டினால் துண்டு துண்டாக வரும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் தாக்குப்பிடிக்கும். வெளியில் கிடந்தால் அது பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

விருந்துக்கு முந்தின நாளே அடுக்கி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே சோறு சாஸைக் குடித்துவிடும். மறுநாள் பேக் செய்யுமுன் ஓரங்களில் கால் கப் சூடான பால் விடுங்கள். இத்தனை நேரம் நீரை விரட்டச் சொன்ன நான் ஊற்றச் சொல்வது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான்.