ரிப்பேர் செய்தும் சரியாகாத புதுக் கார்: நுகர்வோர் ஆணையம் வரை படிப்படியாக

'இத்தனை தடவை ரிப்பேர் பார்த்தும் சரியாகாவிட்டால் காரைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று கணக்கு வைத்துச் சொல்லும் தனிச் சட்டம் அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது. இந்தியாவில் இல்லை. நமக்கு இருப்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கோளாறை நீக்கித் தரவும், வேறு கார் தரவும், விலையை வட்டியோடு திருப்பித் தரவும், நஷ்டஈடு தரவும் இதன்படி உத்தரவு வாங்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இந்த வழக்குகளில் பாதி, ஆணையத்துக்குப் போகும் முன்பே சர்வீஸ் சென்டர் கவுண்டரில் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. அதனால் முதல் படியை நிதானமாகப் படியுங்கள்.

படி 1: ஜாப் கார்டு

வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, ஜாப் கார்டு என்ற புகார்ப் பதிவுச் சீட்டில் 'சத்தம் வருது, செக் பண்ணவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நாளைக்கு அந்த வரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'இன்ஜின் சூடான பிறகு, 2ஆம் கியரிலிருந்து 3ஆம் கியர் மாறும்போது வண்டி உதறுகிறது. இதே புகாருக்கு மூன்றாவது முறை வருகை.' கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு வார்த்தையில் பதிவானால், 'அவை வேறு வேறு சின்னக் கோளாறுகள், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம்' என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

உள்ளே விட்ட தேதி, வெளியே எடுத்த தேதி, கிலோமீட்டர் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டியில் இலவசமாகச் செய்தார்கள் என்றாலும் இன்வாய்ஸ் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பது அதில்தான் தெரியும். ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகளின் பிரிண்ட் அவுட்டையும் கேளுங்கள். டெலிவரி எடுக்கும்போது 'திருப்தி' என்று அச்சிட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். 'கோளாறு சரியாகிவிட்டதா என்பதை ஓட்டிப் பார்த்தபிறகே சொல்ல முடியும்' என்று கையால் எழுதி, அதற்குக் கீழே போடுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்ப்பதும், வெளியில் வயரிங் வேலை செய்வதும் வேண்டாம். வாரண்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும். கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்துவதும் வேண்டாம். கடன் வங்கிக்கும் உங்களுக்கும் உள்ளது, கார் சரியில்லை என்பது அங்கே எடுபடாது.

படி 2: டீலரைத் தாண்டி கம்பெனிக்கு எழுதுங்கள்

போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, டீலருக்கும் நகல் போடுங்கள். சேஸ் எண், வாங்கிய தேதி, ஜாப் கார்டு எண்கள் அதில் இருக்கட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். சில புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

பிரேக், ஸ்டியரிங் போல உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இன்னொரு வழியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி, அந்த மாடல் வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு மத்திய அரசு உத்தரவிட முடியும். அதற்கான புகாரை 'வாகன்' என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் கொடுக்கலாம். அது உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தராது. உங்களைப் போன்ற மற்றவர்களின் உயிரைக் காக்கலாம் என்பதால் கட்டாயம் செய்யுங்கள்.

படி 3: உற்பத்திக் குறைபாடு என்று காட்டுவது

இதுதான் கடினமான இடம். 2006இல் மாருதி நிறுவனத்தின் வழக்கு ஒன்றில், ஏதோ ஒரு பாகத்தில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யவோ மாற்றித் தரவோதான் வாரண்டி சொல்கிறது, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தக் கார் வழக்கிலும் கம்பெனி தரப்பு முதலில் நீட்டுவது இதைத்தான். ஆகவே, கோளாறு பாகத்தோடு நிற்கவில்லை, பாகத்தை மாற்றிய பிறகும் வருகிறது என்று நீங்கள் காட்ட வேண்டும்.

அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும். ஆட்டோமொபைல் துறை உள்ள பொறியியல் கல்லூரிப் பேராசிரியரிடமோ, தகுதி பெற்ற வாகன மதிப்பீட்டாளரிடமோ முன்கூட்டியே வாங்கலாம். இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி வண்டியைப் பரிசோதிக்க உத்தரவிடும்படி ஆணையத்திடமே மனுப் போடலாம். இந்த மனுவை வழக்கோடு சேர்த்தே போட்டுவிடுவது நல்லது என்பேன். நிபுணர் சான்று இல்லை என்ற ஒரே காரணத்தால் நியாயமான வழக்குகள்கூடத் தோற்றிருக்கின்றன.

படி 4: நோட்டீஸ்

டீலர், கம்பெனி இருவருக்கும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, என்ன வேண்டும் என்று சொல்லி, 15 நாள் கெடு கொடுங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார்.

படி 5: வழக்குத் தாக்கல்

எந்த ஆணையத்துக்குப் போவது என்பதற்கு நீங்கள் கேட்கும் தொகை கணக்கில்லை. காருக்குக் கொடுத்த விலைதான் கணக்கு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டணம் மிகக் குறைவு: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். புகார் மனு, பிரமாண வாக்குமூலம், இன்வாய்ஸ், ஆர்.சி., வாரண்டி புத்தகம், ஜாப் கார்டுகள், மின்னஞ்சல்கள், நோட்டீஸ், ஒப்புகை இவற்றை வரிசை எண் போட்டுச் சேர்க்க வேண்டும்.

கேட்கும் பரிகாரத்தை அடுக்கடுக்காக எழுதுங்கள்: வேறு புதுக் கார், இல்லையேல் விலையும் வட்டியும், அதுவும் இல்லையேல் கோளாறை முழுதாக நீக்கி வாரண்டி நீட்டிப்பு, இவற்றோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித் தொகை. காரை மாற்றித் தா என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள்.

காலக்கெடு 2 வருடம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து. 'அடுத்த சர்வீஸில் பார்த்துவிடலாம் சார்' என்று இழுத்தடிப்பார்கள். பத்திரமாக இருக்க, முதல் புகார் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். டாக்ஸியாக ஓட்டுகிற வண்டி என்றால், சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டுவது என்பதை மனுவில் தெளிவாகச் சொல்லுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார்.

அதன் பிறகு

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. பரிசோதனை தேவைப்படும் வழக்குகளை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள், ஆனால் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்காமல் வழக்கை வாபஸ் பெறாதீர்கள்.

மாவட்ட ஆணையத்தில் உங்கள் பக்கம் உத்தரவு வந்து கம்பெனி மேல்முறையீடு செய்வதானால், 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்டவும் வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால், 72ஆம் பிரிவின்கீழ் மனுப் போடுங்கள். 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க அதில் இடமுண்டு.