ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலையை விட்டு வீடும் மாறுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் எய்க்கைவா எனப்படும் தனியார் ஆங்கில உரையாடல் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பலருக்கு வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வந்தவை. பள்ளியே வீடு பார்த்துக் கொடுத்திருக்கும், வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும். அலுத்துப்போனதும் இரண்டையும் ஒரே மாதத்தில் உதறிவிட்டுக் கிளம்பத் தோன்றும். உதறலாம், தப்பில்லை. எதை முதலில் உதறுவது என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு, ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்த பிறகு வீடு தேடப் போவது. வீட்டுத் தரகர் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் ஒரு விண்ணப்பத்தாளை நீட்டுவார்கள். வேலை பார்க்கும் இடம், சேர்ந்து எத்தனை வருடம், ஆண்டு வருமானம் என்று வரிசையாகக் கட்டங்கள். அந்தத் தாள் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, வாடகைக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கும் போகும். சில நிறுவனங்கள் வேலை செய்யும் இடத்துக்கே போன் போட்டு, "இவர் உங்களிடம்தான் இருக்கிறாரா?" என்று கேட்கும். எடுத்தவர் "இந்த மாதத்தோடு நிற்கிறார்" என்றால் கதை முடிந்தது. ஆகவே வேலையில் இருக்கும்போதே வீட்டை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் புது வேலைக்கான நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு வீடு தேடுங்கள். ராஜினாமா கொடுத்துவிட்டு அதை மறைத்துப் படிவம் நிரப்பும் யோசனை வேண்டாம். பின்னால் தெரியவந்தால் ஒப்பந்தமே சிக்கலாகும்.

கையில் பணமும் வேண்டும். ஷிகிகின் என்ற முன்பணம், வீட்டுக்காரருக்குக் கொடுத்துத் திரும்ப வராத ரெய்கின், தரகு, உத்தரவாதக் கட்டணம், தீக்காப்பீடு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்தால் நான்கைந்து மாத வாடகை சாதாரணமாக ஆகிவிடும். கடைசிச் சம்பளத்தை நம்பி இதில் இறங்காதீர்கள். அரசு சார்ந்த வீட்டுவசதி அமைப்பான யூ.ஆரின் வாடகைக் குடியிருப்புகளில் ரெய்கின், தரகு, ஜாமீன் எதுவும் கிடையாது. வருமானம் போதாவிட்டாலும், மாத வாடகையைப் போல 100 மடங்கு சேமிப்பைக் காட்டினால் அங்கே வீடு கிடைக்கும். அவ்வளவு சேமிப்பு எத்தனை ஆசிரியர்களிடம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இப்போது இருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. பள்ளியின் பெயரில் இருந்தால், வேலை முடிந்து எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் இருந்தால் பொதுவாக ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. குடிவந்து ஒரு வருடம் ஆவதற்குள் காலி செய்தால் அபராதம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, பயம்தான் பலரைத் தடுக்கிறது. "பாதியில் நின்றால் இத்தனை யென் கட்ட வேண்டும்" என்று முன்கூட்டியே தொகை குறிப்பதைத் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தடை செய்கிறது. காலவரையறை இல்லாத வேலை என்றால் சிவில் சட்டப்படி இரண்டு வார முன்னறிவிப்பு போதும். ஒரு வருட ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பது அவ்வளவு சுலபமல்ல; தக்க காரணம் வேண்டும், அல்லது பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 10 நாள் விடுப்பு உண்டு. கடைசி நாளுக்குள் எடுக்காவிட்டால் அது போய்விடும். வீடு மாற்றும் நாட்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாமே!

இரண்டு '14 நாள்' கெடுக்களைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வேலை விசாவில் இருப்பவர் வேலையை விட்ட 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். புது இடத்தில் சேர்ந்தாலும் அப்படியே. இதை ஆன்லைனில் முடிக்கலாம். முகவரி மாற்றம் வேறு கணக்கு: புது வீட்டுக்குக் குடிபோன 14 நாளுக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு, வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையான ரெசிடென்ஸ் கார்டோடு போனால் அதன் பின்பக்கத்தில் புது முகவரியைப் பதிந்து தருவார்கள். வேறு ஊருக்குப் போவதானால் பழைய ஊரில் முதலில் 'போகிறேன்' என்று பதிய வேண்டும். ஓர் இடத்தில் சொன்னால் மற்ற இடத்துக்கும் தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தகுந்த காரணமின்றி மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தால் விசாவே ரத்தாகலாம். எய்க்கைவாவிலிருந்து பிள்ளைகள் படிக்கும் வழக்கமான பள்ளிக்கூடம் ஒன்று உங்களை நேரடியாக எடுத்துக்கொண்டால் விசா வகையும் மாற வேண்டியிருக்கும். அது கிடைப்பதற்குள் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடக் கூடாது.

பழைய வீட்டைக் காலி செய்யும்போது சுவர், தரை, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மங்கிய சுவர்த்தாள், கட்டில் கால் அழுந்திய தடம் போன்ற சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்ல என்று 2020இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் சொல்கிறது. பில்லில் அது வந்தால் கேள்வி கேளுங்கள். சோஃபா, கட்டில் போன்ற பெரிய கழிவுகளுக்கு நகராட்சியில் முன்பதிவு வேண்டும். ஊரே வீடு மாறும் மார்ச் மாதத்தில் கடைசி வாரத்தில் போன் போட்டால் நாள் கிடைக்காது.

பணத்தில் எதிர்பாராத அடி குடியிருப்பு வரியிலிருந்து வரும். அது போன வருட வருமானத்துக்கான வரி. ஜூனிலிருந்து அடுத்த மே வரை சம்பளத்தில் பிடிப்பார்கள். ஜனவரிக்கும் மேக்கும் நடுவில் வேலையை விட்டால் மிச்சத்தை மொத்தமாகக் கடைசிச் சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் விட்டால் வீட்டுக்கு பில் வரும், அதுவும் ஜனவரி 1 அன்று நீங்கள் இருந்த ஊரிலிருந்து. மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும். 14 நாளுக்குள் நகராட்சியில் தேசியக் காப்பீட்டில் சேருங்கள். தாமதமானாலும் சந்தாவை வேலை விட்ட நாளிலிருந்தே கணக்கிடுவார்கள். பழைய காப்பீட்டையே தொடர்வதானால் 20 நாள் கெடு. பள்ளி கட்டிய பாதியையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். இரண்டில் எது குறைவு என்று கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த பில்கள் எல்லாம் பழைய முகவரிக்குப் போய்க் கிடக்காமலிருக்க, தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் எழுதிக்கொடுங்கள். ஒரு வருடத்துக்கு இலவசமாகப் புது வீட்டுக்கு அனுப்புவார்கள். வங்கி அட்டை போன்ற சில உறைகளில் மட்டும் 'வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டாம்' என்று அச்சிட்டிருக்கும். அவை வங்கிக்கே திரும்பிவிடும் என்பதால் வங்கியில் தனியாக முகவரியை மாற்றிவிடுங்கள்.