அந்தச் சரிவில் ஸ்கீயோடு இறங்கலாமா? பனியைச் சோதிக்கும் விதம்

கிளம்பும் அன்று காலையில் அந்தப் பகுதியின் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் பாருங்கள். அபாயம் 1 முதல் 5 வரை குறிக்கப்பட்டிருக்கும். 3 என்றால் நடுத்தரம்தானே என்று அசட்டையாகப் போய்விடாதீர்கள், ஒரே ஒரு ஆள் ஏறினாலே சரிவு பெயர்ந்து வரக்கூடிய நிலை அது. எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரம், பிரச்சினை புதுப் பனியா காற்றா என்று கூடவே எழுதியிருப்பார்களே, அதையும் விடாமல் படியுங்கள்.

மலையில் முதலில் தேட வேண்டியது, பக்கத்துச் சரிவுகளில் பனி சமீபத்தில் பெயர்ந்த தடம். அப்புறம், ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடுகிறதா, காலடியில் 'உம்ப்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அந்தச் சத்தம் சமதரையில் கேட்டாலும் சரி, உள்ளே இருக்கும் பலவீனமான அடுக்கு நொறுங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் சோதனையே வேண்டாம், செங்குத்தான சரிவுகளை அன்றைக்கு மறந்துவிடுங்கள். ஒரே நாளில் 30 செ.மீ. புதுப் பனி, பலத்த காற்று, திடீர் வெயில், மழை எல்லாமே ஆபத்தைக் கூட்டும். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி முகட்டின் மறுபக்கம் குவித்துவிடும், அந்தக் குவியல் தலையணை மாதிரி வழவழப்பாக இருக்கும், கம்பால் தட்டினால் சில சமயம் மேளம் போல ஒலிக்கும்.

சரிவின் கோணத்தை போனில் அளந்து பாருங்கள். பலகை போல இறுகிய பனி பெயர்ந்து வருவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில்தான். சந்தேகமிருந்தால் 30-க்குக் கீழேயே இருங்கள், தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் கீழே நின்றபடியே மேலிருப்பதைப் பெயர்த்துவிட முடியும்.

குழி தோண்டிப் பார்ப்பதானால், பாதுகாப்பான இடத்தில், சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. என்று பனித் தூண் ஒன்றை வெட்டிப் பிரித்தெடுங்கள். ஒரு ஓரத்தில் மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டுங்கள். விரிசல் தூணின் மறுமுனை வரை ஒரே வீச்சில் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடவில்லை என்பதற்காகச் சரிவு பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பத்து மீட்டர் தள்ளி அடுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

சரி என்று முடிவெடுத்தாலும் ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும், மற்றவர்கள் ஓரமாக நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். பீக்கன் (புதைந்தவர் இருக்குமிடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளமான மடக்குக் கம்பி), மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். பனியில் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு மளமளவென்று சரிந்துவிடும், அதற்குள் தோண்டி எடுக்கக் கூட இருப்பவர்களால்தான் முடியும்.