வந்தியத்தேவன் சென்ற வழியில்: கல்கியின் சோழநாட்டைக் காணச் செல்வோருக்கு

கல்கியின் சோழர் கால நாவலான ‘பொன்னியின் செல்வன்’ படித்து முடித்தவர்களில் பலர் உடனே தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புறப்படுகிறார்கள். கதை நிகழும் காலத்தில் அந்தக் கோயிலே இல்லை. அது நிறைவுற்றது 1010-இல்தான். ஆகவே, கதைநாயகன் வந்தியத்தேவனோடு கல்கி கதையைத் தொடங்கிய வீராணம் ஏரிக்கரையிலேயே நீங்களும் பயணத்தைத் தொடங்குவது பொருத்தம். முதல் பாகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் பேருந்தில் ஏறினால் லால்பேட்டை அருகே ஏரிக்கரையை அடையலாம். முதலாம் பராந்தகச் சோழன் வெட்டுவித்து, தன் விருதுப்பெயரால் வீரநாராயண ஏரி என்று வழங்கச் செய்த நீர்நிலை இது. தெற்கு வடக்காக ஒன்றரைக் காத நீளம் என்று கல்கி எழுதியதன் பொருள், கரைமேல் நின்று மறுகோடியைத் தேடும்போதுதான் விளங்கும். ஆடிப்பெருக்கன்று சென்றால் முதல் அத்தியாயத்தின் நாளிலேயே அங்கு இருப்பீர்கள். ஆனால் கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாற்றின் வழியாக வந்தால்தான் ஏரி நிரம்பும் என்பதால், மேட்டூர் அணை திறந்த செய்தியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலை எக்காரணம் கொண்டும் தவற விடாதீர்கள். இராசராசனின் அண்ணனான பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறித்து, அவர்களுடைய உறவினரின் நிலங்களும் பறிமுதலானதைச் சொல்லும் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. நாவலின் மையமான மர்மத்துக்கு வரலாறு விட்டுவைத்த சான்றுகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்பது என் எண்ணம். கல்வெட்டைத் தனியே கண்டுபிடிப்பது கடினம், அர்ச்சகரிடம் கேளுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே செல்வது நல்லது. அருகிலுள்ள மேலக்கடம்பூரில் நாவலில் வரும் சம்புவரையர் மாளிகையைத் தேட வேண்டாம். தேர் வடிவில் அமைந்த அமிர்தகடேசுவரர் கோயில் அங்கே உண்டு. ஆனால் அது முதலாம் குலோத்துங்கன் காலத்தது, கதைக்கு நெடுநாள் பிந்தியது.

அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து கும்பகோணம் வந்து, அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். நாவலின் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து சதியாலோசனையைக் கேட்ட பள்ளிப்படைக்கு (இறந்த அரசருக்கு எழுப்பும் நினைவுக் கோயில்) உரிய ஊரான திருப்புறம்பியம் வடக்கே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் சோழர் எழுச்சிக்கு வழிவகுத்த போர் நடந்த மண் அது. தென்மேற்கே தாராசுரம், பட்டீசுவரம் வழியாகப் பழையாறைக்குச் செல்லலாம். இளவரசி குந்தவையின் அரண்மனையை எதிர்பார்த்துச் செல்வோருக்கு அங்கே வயலும் வாழைத்தோட்டமுமே தென்படும். எனினும் ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், சோழன் மாளிகை என்று வழிப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே மெதுவாகச் சென்றால், படைவீடுகள் சூழ்ந்த ஒரு தலைநகரின் வரைபடம் ஊர்ப்பெயர்களிலேயே எஞ்சியிருப்பதை உணர்வீர்கள். சைக்கிள் கிடைத்தால் மிக நன்று. காரில் விரைந்தால் இதைக் காண முடியாது.

அடுத்த நாள் மயிலாடுதுறை வழியாகச் செல்வோர், 1899-இல் கல்கி பிறந்த புத்தமங்கலத்துக்கு, மணல்மேட்டை அடுத்து, ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். காவிரிப் படுகையின் வாய்க்கால்களும் தோப்புகளும் அவர் நடையில் அத்தனை இயல்பாக வந்தது எப்படி என்று அங்கே தெரியும்.

நாகப்பட்டினத்தில், கதையில் வரும் பௌத்த மடமான சூடாமணி விகாரம் இன்று இல்லை. எஞ்சியிருந்த கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. அவ்வூரில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் முன்பே பார்த்துவிட்டு வருவது நல்லது.

கடைசியாக, வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடிக்கரை. நாவலின் ஓடக்காரப் பெண் பூங்குழலி படகு செலுத்திய கடலும், புதைசேறு நிறைந்த காடும் இப்போது வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தவை. வெளிமான்களையும் பூநாரைகளையும் காண மார்கழி, தை மாதங்களே ஏற்றவை என்பதால், ஆடியில் ஏரியையும் மார்கழியில் கோடிக்கரையையும் காணும்படி பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளவே பரிந்துரைப்பேன். சதுப்பு நிலத்தில் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். பழைய கலங்கரை விளக்கத்தை 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை சிதைத்துவிட்டது. மாலையில் குழகர் கோயிலுக்குச் செல்லுங்கள். கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில், அக்கம்பக்கத்தில் குடியே இல்லாமல் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு சுந்தரர் உருகிப் பாடிய இடம் அது.